பத்தாவது கையெழுத்து

கொழுந்தனாக இருந்த வரைக்கும் அந்த வீட்டில் அண்ணிக்கு ஒரு சண்டை சச்சரவு கிடையாது. நாத்தனாரான மறுநாளே ஆரம்பித்துவிட்டது.

பத்து வருஷத்துக்கு முந்திய சமாச்சாரம் அது. சலவைக்கடையின் பின்கட்டில் ஓட்டல் போர்வை ஒன்றைத் தனியாக மடிக்க முடியாமல் அண்ணி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். புருஷனுக்குத் தம்பி என்று ஊரே நினைத்திருந்த பிள்ளை, மஞ்சளில் பூப்போட்ட உடுப்பும் காதில் சின்னத் தோடுமாக மாடியிலிருந்து இறங்கி வந்து எதிரில் நின்றாள். “அண்ணி, நான் சின்ன வயசுலேர்ந்தே பொண்ணுதான். இனிமே இப்படித்தான் இருப்பேன்” என்றாள். அண்ணியின் கையில் ஈரம் காய்ந்த வெள்ளைப் போர்வை. தரையில் பட்டால் மறுபடி துவைக்க வேண்டும். “சரி, அந்த முனையைப் பிடி” என்றாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து மடித்தார்கள். நடந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அண்ணியின் சீப்பைக் காணவில்லை. அன்று பிடித்த சண்டை, பத்து வருஷமாக ஒருநாள் விடாமல் நடக்கிறது. சீப்பு, கண்ணாடி, குளியலறையில் யார் முதலில் போவது, டீயில் யார் சர்க்கரையை அள்ளிக் கொட்டியது. வேறு யாராவது நாத்தனாரை ஒரு சொல் சொல்லிவிட்டால் மட்டும் அண்ணி அவர்களுடைய துணியைத் தூக்கி மேசைமேல் போட்டு, “வேற கடை பாத்துக்கங்க” என்றுவிடுவாள். திட்டுகிற உரிமை வீட்டுக்காரிக்குத்தான் என்பது அவள் கட்சி.

கடையில் வேலை மூன்றாகப் பிரிந்திருந்தது. முன்மேசையில் துணி வாங்கி, நம்பர் போட்டு, சீட்டு எழுதுவது அண்ணி. துவைப்பதும் கறை எடுப்பதும் வண்டி ஓட்டுவதும் நாத்தனார். தெருவுக்கே அவள் ‘சலவைக்கடை அக்கா’. இரும்புத் துரு, மை, மருந்து, பழச்சாறு, எந்தக் கறையாக இருந்தாலும் துணியை வெளிச்சத்தில் பிடித்து ஒரு பார்வை பார்ப்பாள், எதில் ஊறவைத்தால் போகும் என்று சொல்லிவிடுவாள். இஸ்திரி போடுவது அண்ணியின் வீட்டுக்காரர். நீராவி இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னால், ஆவியில் பாதி மறைந்து நின்றுகொண்டிருப்பார்.

அந்த மனுஷனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் பிறந்ததிலிருந்து யாருக்கும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை, யாரிடமும் எதையும் கேட்டதும் இல்லை. உடன்பிறந்தவள் மஞ்சள் உடுப்பில் வந்து நின்ற அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. முன்பு ‘டேய்’ என்று கூப்பிடுவார். அதை நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் சட்டை மாட்டும் கம்பியால் குழாயில் இரண்டு தட்டுத் தட்டுவார். டங், டங். அவள் வந்துவிடுவாள். பத்து வருஷமாக அப்படித்தான். அண்ணி இதைப் பற்றிக் கேட்காத நாளில்லை, அவர் பதில் சொன்ன நாளும் இல்லை.

நாத்தனார் திருநங்கையாக வெளியே வந்த மறுவருஷம் தேர்தல் வந்தது. காலையிலேயே எழுந்து தலைவாரி (அண்ணியின் சீப்புதான்) ஓட்டுப் போடப் போனாள். பெண்கள் வரிசையில் நின்றாள். காவலுக்கு நின்றவன் ‘அந்தப் பக்கம் போ’ என்று ஆண்கள் வரிசையைக் காட்டினான். அங்கே போனாள். அங்கே நின்ற ஆண்கள் சிரித்து, திரும்ப இந்தப் பக்கம் காட்டினார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவில் வெயிலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். யாரையும் குறை சொல்லவில்லை. அண்ணியின் விரலில் இருந்த மையை மட்டும் பிடித்துப் பார்த்து, “இது எதுல போகும் அண்ணி?” என்று கேட்டாள். எல்லாக் கறைக்கும் மருந்து தெரிந்தவள் தன்னிடம் கேட்கிறாளே என்று அண்ணி தன் விரலை ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். “எதுலயும் போகாது. தானா தேயணும்” என்றாள். அந்த மை தேய்கிற வரைக்கும் நாத்தனார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் ஓட்டுப் போடவே போகவில்லை.

அப்பேர்ப்பட்டவள் இப்போது வார்டுக்கு வேட்பாளராக நிற்கப் போகிறேன் என்று கிளம்பியதற்குக் காரணம் கவுன்சிலர்தான்.

கடையில் போர்வை மடிக்க நாலு பேர் வருவார்கள். நாலு பேரும் நாத்தனாரைப் போலத் திருநங்கைகள், பின்தெருவில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. விலாசத்துக்கு வீட்டுச் சொந்தக்காரன் கடிதம் தர மாட்டேன் என்றான், கடிதம் இல்லாமல் பெயர் ஏறாது. கவுன்சிலர் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுச் சொந்தக்காரன் கேட்பான் என்று, அவர் சட்டை வாங்க வந்தபோது நாத்தனார் கேட்டாள். வாரத்துக்கு ஆறு வெள்ளைச் சட்டை அவருக்கு, காலர் கத்தி மாதிரி நிற்க வேண்டும். கவுன்சிலர் கெட்டவர் இல்லை, சிரித்த முகம். அந்தச் சிரித்த முகத்தோடேயே, “நாலு ஓட்டுக்காக நான் அவன் வீட்டு வாசல்ல போய் நிக்க முடியுமாம்மா?” என்று கேட்டுவிட்டுச் சட்டையை வாங்கிக்கொண்டு போனார். நாத்தனார் அன்று சாயங்காலம் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பெயரையும் படத்தையும் போன வருஷமே திருத்தி வாங்கியிருந்த தன் வாக்காளர் அட்டையைக் காட்டி, மனுப் படிவம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள்.

சுயேச்சையாக நிற்பதற்கு வார்டில் ஓட்டுள்ள பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் ஒரு வேட்பாளருக்குத்தான் போடலாம். போட்ட பெயர்கள் அலுவலகச் சுவரில் ஒட்டப்படும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அண்ணி இந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். துணி வாங்க வந்தவர்களை நிறுத்தி நிறுத்தி, இரண்டே நாளில் ஒன்பது கையெழுத்து, தன்னுடையதும் சேர்த்துப் பத்து. வீட்டுக்காரரிடம் நீட்டியபோது மட்டும் அவர் பேனாவை வாங்கவில்லை. ஆவிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அதிலிருந்து இரண்டு வாரமாக அண்ணியோடும் பேச்சில்லை, குழாயில் தட்டுவதும் இல்லை. பயந்தாங்கொள்ளி, எப்படியோ தொலையட்டும் என்று அண்ணி விட்டுவிட்டாள்.

மனுக் கொடுக்கக் கடைசி நாள் காலையிலிருந்தே தூறல். துணி காயாத நாள். உலர்த்தும் இயந்திரங்கள் இரண்டும் உறுமிக்கொண்டிருந்தன. வேலையை நாலு மடிப்புக்காரிகளிடம் ஒப்படைத்துவிட்டு அண்ணியும் நாத்தனாரும் வண்டியில் புறப்பட்டார்கள். நாத்தனார் நீல உடுப்புப் போட்டிருந்தாள். தோளில் மடிப்பு சரியில்லை என்று அண்ணி வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். “உங்க வீட்டுக்காரர் போட்ட இஸ்திரிதானே, அவர்ட்ட கேளுங்க” என்று நாத்தனார் வண்டியைத் திருப்பினாள்.

தேர்தல் அதிகாரி கண்ணாடி போட்ட பொறுமைசாலி. படிவத்தை வாங்கி ஒரு பக்கத்தில் வைத்து, வாக்காளர் பட்டியலை இன்னொரு பக்கத்தில் விரித்து, விரலால் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். முதல் வரியிலேயே விரல் நின்றது.

“அம்மா, இந்த நூத்திப் பதினேழு யாரு?”

“ரிட்டயர்டு டீச்சர் சார்” என்றாள் அண்ணி.

“பட்டியல்ல நூத்திப் பதினேழு ஒரு ஆம்பளை. அவரும் தவறிப் போயிட்டாரு, பக்கத்துல குறிச்சிருக்கு. சரி, இது என்ன, ப-7?”

“பல் டாக்டர் சார். வெள்ளைக் கோட்டு. கலர்த் துணியோட கலக்கக் கூடாதுன்னு அவருக்குத் தனி வரிசை.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நாத்தனார் மெதுவாகத் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். அண்ணிக்கு அப்போதுதான் விளங்கியது. கட்டத்தின் தலையில் ‘வாக்காளர் பட்டியலில் வரிசை எண்’ என்று பட்டவர்த்தனமாக அச்சடித்திருந்தது. அண்ணி அந்தத் தலைப்பைப் படிக்கவே இல்லை. இருபது வருஷமாக மனுஷர்களைத் துணி நம்பரால்தான் அவளுக்குத் தெரியும். ஆள் கையெழுத்துப் போடப் போட, பக்கத்தில் அவரவர் துணி நம்பரை, சீட்டில் எழுதுகிற அதே வேகத்தில் எழுதித் தள்ளியிருந்தாள். கோடு தவறாமல், அழகான கையெழுத்தில், பத்தும் தப்பு.

அடித்துத் திருத்தலாமா என்று கேட்டார்கள். கூடாதாம். புதுப் படிவத்தில் பத்துப் பேரும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மணிக்குக் கதவு சாத்தப்படும். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. அதிகாரி நல்ல மனுஷன், பட்டியலின் நகல் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்.

வண்டியில் ஏறியதும் அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழுதால் சத்தமாக அழுகிற ஜாதி. “என் புத்தியை எதால அடிக்கிறது. உன் வாழ்க்கையில நான் மண்ணைப் போட்டுட்டேனே” என்றாள்.

“அண்ணி, அழறதுன்னா மூணு மணிக்கு மேல அழுங்க” என்றாள் நாத்தனார். “இப்ப யாரு எங்க இருப்பாங்கன்னு யோசிங்க. உங்களைவிட இந்த வார்டுல அது தெரிஞ்ச ஆளு யாரு?”

அது வாஸ்தவம். துணியை வைத்து ஆளுடைய நாளையே சொல்லிவிடக்கூடியவள் அண்ணி. கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை மடியில் விரித்தாள். அன்று புதன்கிழமை; டீச்சர் புதன்தோறும் ஈரத் துண்டைச் சலவைக்குப் போடுகிறவர், ஆகவே நீச்சல் குளம். பஸ் டிரைவருக்கு மத்தியான ஷிப்ட், சீருடைச் சட்டை கடையில் இருக்கிறது, வாங்காமல் போக மாட்டார். முடிதிருத்துகிறவர் கடையை விட்டு நகர மாட்டார். பாட்டு வாத்தியார் வெயில் மழை எதுவானாலும் இந்த நேரத்தில் தூங்குவார், எழுப்பினால் கோபிப்பார், கோபித்தால் கோபிக்கட்டும்.

டீச்சர் தலையில் ரப்பர் தொப்பியோடு குளத்தின் ஓரத்தில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு போட்டார். படிவத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை, அந்தக் காலத்து டீச்சர். டிரைவர், சட்டையைக் கொடுத்தால்தான் கையெழுத்து என்று விளையாடினார். முடிதிருத்துகிறவர் ஒரு கன்னம் சிரைத்த ஆளை அப்படியே உட்காரவைத்துவிட்டு வந்தார். பாட்டு வாத்தியார் கோபித்தார், கோபித்துக்கொண்டே போட்டார். தையல்காரரும் அவர் சம்சாரமும், மருந்துக்கடைக்காரர், சைக்கிள் கடைக்காரர். இந்தத் தடவை ஒவ்வொருவருக்கும் பட்டியலில் விரலை வைத்து, எண்ணை உரக்கப் படித்து, நாத்தனார் சரி என்ற பிறகுதான் அண்ணி எழுதினாள். அண்ணியோடு சேர்த்து ஒன்பது ஆயிற்று. பாக்கி பல் டாக்டர்.

டாக்டர் ஒரு நோயாளியின் வாய்க்குள் கண்ணாடியை விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

“உங்களுக்கில்லாத ஓட்டா? என் ஓட்டு, என் மனைவி ஓட்டு, எங்க அம்மா ஓட்டு எல்லாம் உங்களுக்குத்தான். எழுதி வேணும்னாலும் தர்றேன்” என்றார்.

“எழுதித்தான் கேக்கறோம் டாக்டர்” என்றாள் நாத்தனார்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “அன்னிக்கு உங்க கடையில நாம மட்டும்தான் இருந்தோம், ஒரு வேகத்துல போட்டுட்டேன். சுவத்துல ஒட்டுவாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கவுன்சிலர் என் பழைய நோயாளி. ஓட்டுன்னா திரைக்குப் பின்னால. யாருக்கும் தெரியாது. இது அப்படி இல்லையே.”

நாற்காலியில் படுத்திருந்த நோயாளி வாயில் பஞ்சோடு கையைத் தூக்கி, தான் போடுவதாகச் சைகை காட்டினார். விசாரித்ததில் அவருக்குப் பக்கத்து வார்டு. இருந்தாலும் அந்த மனசுக்கு நாத்தனார் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். படியிறங்கும்போது, ஓட்டை ஒளிச்சு வெச்சாவது போடறாரே, அதுவே பெரிசு என்றாள். அண்ணி, இனிமேல் ப-7 கோட்டுக்குக் கஞ்சி கிடையாது என்றாள்.

கடைக்கு வந்தபோது இரண்டேகால். நாலு மடிப்புக்காரிகளும் போர்வையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் நாலு பேர், ஆளுக்கு இருபது கையெழுத்துப் போடத் தயாராக. ஒருத்திக்கும் பட்டியலில் பெயரில்லை. அதற்காகத்தான் இந்தப் பாடே. அவர்களில் நெட்டையானவள் சுவரில் சாய்ந்து சிரித்துவிட்டாள், அவள் சிரித்ததில் மற்றவர்களும் சிரித்தார்கள், சிரிப்பு அடங்கியதும் எல்லோர் கண்ணும் கடிகாரத்துக்குப் போனது.

அண்ணி நேரே இஸ்திரிப் பெட்டிக்குப் போனாள். ஆவியைக் கையால் விலக்கினாள்.

“என்னங்க, உங்களை நான் கல்யாணம் கட்டினதுலேர்ந்து ஒண்ணும் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன். போடுங்க ஒரு கையெழுத்து.”

அவர் கையிலிருந்த சட்டையை மாட்டினார். கவுன்சிலர் சட்டைதான் அது. வியர்வை மூக்கிலிருந்து சொட்டியது.

“என்னால முடியாது” என்றார்.

பிறந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் முடியாது. அதை இதற்கா சொல்ல வேண்டும் என்று அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கு அப்படி என்ன பயம், கூடப் பிறந்ததுக்கு இல்லாத கையெழுத்து வேற யாருக்கு என்று கேட்டாள்.

“போட்டுட்டேன்” என்றார் அவர், சட்டையைப் பார்த்து. “ரெண்டு வாரத்துக்கு முன்னால. கவுன்சிலர் சட்டை வாங்க வந்தாரு. ஃபார்ம் வெச்சிருந்தாரு. பேனாவைக் கையில குடுத்தாரு. எனக்கு முடியாதுன்னு சொல்ல வரல. மறுநாள்தான் இவ நிக்கறான்னே தெரியும்.”

உலர்த்தும் இயந்திரம் ஒன்று வேலை முடிந்து நின்றது. அண்ணிக்கு இப்போதுதான் புரிந்தது. இரண்டு வாரமாக இந்த மனுஷன் பயத்தினால் பேசாமல் இருக்கவில்லை, வெட்கத்தினால் பேசாமல் இருந்திருக்கிறார். ஒருவர் ஒருவருக்குத்தான் போடலாம். இவர் கையெழுத்து போயே போய்விட்டது.

நாத்தனார் கோபிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் ஓரத்தில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, “மொகத்தைத் தொடைங்கண்ணே. விடுங்க. அடுத்த தேர்தல்ல பாத்துக்கலாம்” என்றாள். சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் ஊறவைத்த துணியைக் கிளற ஆரம்பித்தாள். நீல உடுப்போடேயே. தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது. அண்ணியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். வேலை நேரத்தில் அவர் அதை அணைத்து யாரும் பார்த்ததில்லை. அண்ணியின் கையிலிருந்த படிவத்தையும் பட்டியலையும் வாங்கிக்கொண்டு, பனியனோடு, தூறலில் இறங்கித் தெருவைக் கடந்து போனார்.

எதிரே ரொட்டிக்கடை. இரண்டரைக்குச் சூடாக ரொட்டி இறங்கும், அதற்காக ஒரு இருபது பேர் எப்போதும் வரிசையில் நிற்பார்கள். அன்றும் நின்றார்கள், குடைகளோடு. அவர் வரிசையின் முன்னால் போய் நின்றார். இடையில் புகுந்து ரொட்டி வாங்கப் பார்க்கிறார் என்று நினைத்து ஒருவர் பின்னால் கை காட்டினார். அண்ணி கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ரொட்டி வேணாம்” என்றார் அவர். ஆவிச் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை, தேவைக்கு மேலேயே சத்தமாக வந்தது. “என் தங்கச்சி இந்த வார்டுல நிக்குது. ஒரு கையெழுத்துக் குறையுது. அது நான் போட வேண்டியது. நான் விஷயம் தெரியாம வேற எடத்துல போட்டுத் தொலைச்சுட்டேன். யாராவது ஒருத்தர் எனக்காகப் போடுங்க.”

அண்ணிக்குப் பின்னால் ஈரக் கையோடு நாத்தனார் வந்து நின்றிருந்தாள். ‘என் தங்கச்சி’ என்றது தெரு முழுக்கக் கேட்டது. பத்து வருஷமாகக் குழாயில் தட்டிக் கூப்பிட்டவர். நாத்தனார் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிகிற மாதிரி. சண்டை போட வேண்டிய விஷயம்தான், அண்ணி பேசாமல் இருந்தாள்.

வரிசை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. ரொட்டிக்கடைக்காரர் தட்டை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். நடுவிலிருந்து பச்சைக் குடை ஒன்று வெளியே வந்தது. குடைக்குக் கீழே ஐம்பது வயசிருக்கும் ஒரு அம்மாள். அண்ணி நெற்றியைச் சுருக்கினாள். இந்த அம்மாளுக்கு நம்பரே கிடையாதே என்று தோன்றியது.

“குடுங்க” என்றாள் அந்த அம்மாள். “என் எண் ஐந்நூத்தி நாப்பத்தி ரெண்டு. தேட வேணாம். ஒரு தேர்தல் விட்டதில்ல நான்.”

அண்ணி தெருவைத் தாண்டி ஓடிப்போய்ப் பட்டியலில் பார்த்தாள். ஐந்நூற்று நாற்பத்தி இரண்டு, இதே தெருமுனை வீடு, இதே முகம். ரொட்டி மாவு படிந்த மேசையில் படிவத்தை வைத்து அம்மாள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

“உங்க துணி எங்ககிட்ட வந்ததில்லையேம்மா” என்று அண்ணி கேட்டேவிட்டாள்.

“நான் வீட்டுலயே தொவச்சுக்கறவ.” அம்மாள் பேனாவை மூடினாள். பிறகு அண்ணியைத் தாண்டி, தெருவுக்கு எதிரில் நின்ற நாத்தனாரைப் பார்த்துச் சொன்னாள். “ஒன்பது வருஷத்துக்கு முன்னால நீ மஞ்சள் உடுப்புல ஓட்டுப் போட வந்தே. எனக்கு முன்னாலதான் நின்னே. அவன் உன்னை அந்தப் பக்கம் போகச் சொன்னான். நான் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு அவசரம், ஒரு ஆளு கொறைஞ்சா சீக்கிரம் போயிடலாம்னு நெனச்சேன். அது இன்னும் எனக்கு நெஞ்சுல கெடக்கு.”

நாத்தனார் தலையை மட்டும் ஆட்டினாள். அம்மாள் குடையை விரித்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினாள். அந்த இடத்தை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவர், தானும் போடலாமா என்று கேட்டார். அப்புறம் ரொட்டிக்கடைக்காரர். அப்புறம் இன்னும் இரண்டு பேர், கீழே ஓரத்தில் நெருக்கி நெருக்கி.

இரண்டு ஐம்பத்தி இரண்டுக்கு அதிகாரி படிவத்தை வாங்கினார். ஊதினார். மாவு பறந்தது. எண்ணிப் பார்த்துவிட்டு, “பத்துதாம்மா வேணும், பதினாலு இருக்கு” என்றார். இருக்கட்டும் சார், ஒண்ணு ரெண்டு செத்தவங்க நம்பராப் போயிட்டாலும் தாங்கும் என்றாள் அண்ணி. அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். வாசலுக்கு வந்ததும், மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டதால், அண்ணி உட்கார்ந்து ஆசை தீர அழுதாள். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, ரொட்டிக்கடைக்காரர் கொடுத்தனுப்பிய சூடு ஆறாத ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். அண்ணிக்கும் கொடுத்தாள். இரண்டு பேரும் தின்றுகொண்டே அழுதார்கள்.

சனிக்கிழமை கவுன்சிலர் சட்டை வாங்க வந்தார். அதே சிரித்த முகம். என் ஃபார்மில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரொட்டிக்கடையில் ஆள் பிடித்தாயாமே என்று வீட்டுக்காரரைக் கேட்டார். வீட்டுக்காரர் ஆறு சட்டையையும் எண்ணி, காலர் நலுங்காமல் நீட்டினார்.

“கையெழுத்துக் கேட்டீங்க, போட்டேன். ஓட்டு நீங்க கேக்கல” என்றார்.

“இப்பக் கேக்கறேனே.”

“இப்ப முடியாதுங்க.”

அண்ணி அன்று அவருக்கு இரண்டு முட்டை பொரித்தாள். காரணம் சொல்லவில்லை.

ஓட்டுப் போடும் நாள் மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். பள்ளிக்கூட வளாகத்தில் இரண்டு வரிசை. ஆண்கள் வரிசையில் வீட்டுக்காரர், பனியனுக்கு மேல் சட்டையோடு. பெண்கள் வரிசையில் அண்ணி, அவளுக்குப் பின்னால் நாத்தனார், அதற்குப் பின்னால் வெயிலுக்குப் பச்சைக் குடை. ஓட்டில்லாத நாலு மடிப்புக்காரிகளும் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேட்பாளர் என்றால் வரிசையில் நிற்க வேண்டாம், நேரே உள்ளே போகலாம் என்று யாரோ சொன்னார்கள். நாத்தனார், நிற்கத்தான் வந்தேன் என்றாள்.

முக்கால் மணி நேரம் கழித்து, காவலுக்கு நின்ற புது ஆள் ஒருவன் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தான். நாத்தனாரிடம் நின்றான். கையைத் தூக்கி ஆண்கள் பக்கம் நீட்டினான். அண்ணி இடுப்பில் கைவைத்து மூச்சை இழுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“தம்பி, அவங்க எனக்கு முன்னால நிக்கறாங்க” என்றாள் பச்சைக் குடை அம்மாள். கோபமாகக்கூட இல்லை, மணி சொல்வதைப் போலச் சொன்னாள். “அவங்க போட்டப்புறம்தான் நான் போடணும். எனக்கு ஒரு அவசரமும் இல்ல.”

வரிசையில் முன்னாலும் பின்னாலும் தலைகள் திரும்பின. டீச்சர் தெரிந்தார், தையல்காரர் சம்சாரம் தெரிந்தாள், பல் டாக்டரின் அம்மாகூடத் தெரிந்தாள். ஒருவரும் நகரவில்லை. அவன் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது, பிறகு தன் தொப்பியைச் சரிசெய்யப் போய்விட்டது.

நாத்தனார் உள்ளே போய் வெளியே வந்தாள். இடது கை விரலை மற்ற விரல்களிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஈரம் காயாத சாயத் துணியைத் தூக்கி வருகிறவள் மாதிரி வந்தாள். அண்ணி ஆவலாகப் பக்கத்தில் போனாள்.

“யாருக்குப் போட்டே?”

“அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது அண்ணி.”

வேலிக்கு வெளியே நாலு பேரும் சிரித்த சிரிப்பில் ஆண்கள் வரிசையே திரும்பிப் பார்த்தது.

எண்ணிக்கை வியாழக்கிழமைதான். திங்கட்கிழமை காலையில் ஓட்டல் போர்வைகள் இரண்டு மூட்டை வந்து இறங்கின. அண்ணி நம்பர் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் தொட்டியில் கறை எடுக்கும் மருந்தின் நெடி வந்தது. எட்டிப் பார்த்தாள். நாத்தனார் துவைத்துக்கொண்டிருந்தாள். ரப்பர் கையுறையின் ஒரு விரலை மட்டும் வெட்டியெடுத்து, மை வைத்த விரலில் மாட்டி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். மற்ற ஒன்பது விரலும் மருந்துத் தண்ணீரில்.

“புதுக் கையுறைடி அது. வெட்டிட்டியா?” என்று அண்ணி கத்தினாள்.

“மை தேஞ்சுடும் அண்ணி” என்றாள் நாத்தனார்.

உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். குழாயில் தட்டவில்லை. “தங்கச்சி, போர்வை காஞ்சுதா பாரு.” அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போகும்போது அண்ணியைப் பார்த்து, அந்த ஒற்றை ரப்பர் விரலை ஆட்டிவிட்டுப் போனாள். அண்ணி மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு கையுறையை எடுத்தாள். ஒரு விரலை வெட்டினாள். தன் விரலில் மாட்டிக்கொண்டு, போர்வையின் இந்த முனையைப் பிடிக்கப் போனாள்.